பழுப்பு நிற ரத்தம்

ஈப்போவில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதுருன்னிசா வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. இப்போது அவருடைய மகள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். இத்தனை காலமும் அவர் கைக்கு வந்ததெல்லாம் மனித ரத்தம். சர்க்கரை, கொழுப்பு, டெங்கி என்று யாருக்கு எந்த முடிவு வந்தாலும் தாளை நேரே அவரிடம் நீட்டி, "இது நல்லதா கெட்டதா, சொல்லுங்க" என்பார்கள். கல்யாண வீட்டில் நெய்ச்சோற்றுக்கு நடுவே கேட்பார்கள். ஒரு மய்யித்து வீட்டில், அடக்கத்துக்கு ஜனாஸா எடுக்கக் காத்திருந்த நேரத்தில், ஒரு பெரியவர் தன் யூரிக் ஆசிட் அளவைச் சொல்லி ஆட்டுக்கறி சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டவர்தான் பதுருன்னிசா. தம்பி ஷரபுதீன் செத்த மீனோடு வாசலில் வந்து நின்ற அன்றுதான் அவருடைய பொறுமை ஆட்டம் கண்டது.

ஷரபுதீனுக்கு ஈப்போவில் சாப்பாட்டுக் கடை. நன்றாகவே ஓடுகிற கடை. அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் குடும்பத்தில் எல்லாரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். அவனால் சும்மா இருக்க முடியாது. ஒரு முறை காளான் வளர்த்தான், அது அழுகியது. தேனீ வளர்த்தான், அவை பறந்து போயின. கடைசியாக சுங்காய் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கி, குளம் வெட்டி, பாத்தின் மீன் விட்டான். செதில் இல்லாத, வழுவழுப்பான அந்த மீனைத் தன் குளத்தில் பிடித்துத் தன் கடையில் கறி வைப்பதாகத் திட்டம்.

மீன் நன்றாகத்தான் வளர்ந்தது. பிறகு ஒரு நாள் காலையில் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடித்தன. மறுநாளும் அப்படியே. பிறகு வயிற்றைக் காட்டி மிதக்க ஆரம்பித்தன.

அப்படி மிதந்தவற்றில் இரண்டைத்தான் அவன் பிளாஸ்டிக் பையில் போட்டு அக்காவின் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தான்.

"ரத்தம் எடுத்துப் பாருங்கக்கா. ராச்சுன் போட்டுட்டான். ரத்தத்துல தெரியும்தானே?"

விஷம் போட்டதாக அவன் சொன்னது பக்கத்து நிலத்துக்காரர் தனேஸ்வரனை. தனேஸ்வரன் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். இப்போது தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை. லீவு நாளில் வந்து தன் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொள்வார். குளம் வெட்டின காலத்தில் ஷரபுதீனின் மண் லோரி அவருடைய வேலியைச் சாய்த்துவிட்டது. அன்று வாய்த்தகராறு. அதற்குப் பிறகு தனேஸ்வரன் மரத்தடியில் புல்லுக்கு மருந்து அடித்தால்கூட, அது தன் மீனுக்குத்தான் என்று ஷரபுதீன் முடிவு கட்டிவிட்டான்.

"ஷரபு, நான் மனுஷங்க ரத்தம் பாக்குறவ. மீன் ஆபீசுல போய்ச் சொல்லு."

"அவங்க வந்தா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. நீங்க வீட்டு ஆளு."

"இது செத்துப் போச்சு. செத்ததுல ரத்தம் உறைஞ்சிரும். ஒண்ணும் பாக்க முடியாது."

"அப்ப உயிரோட கொண்டு வாரேன்."

கொண்டும் வந்தான். மறுவாரம் கடையின் பின்கட்டில், வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஒரு பெரிய தொட்டியில் நாலு பாத்தின் மீன் துள்ளிக்கொண்டிருந்தன. பதுருன்னிசாவுக்குக் கோபம் ஒரு பக்கம். எங்கே ஊசி போடுவது என்ற தொழில் ஆர்வம் இன்னொரு பக்கம். முந்தின இரவே கைப்பேசியில் படித்து வைத்திருந்தார். வால் பக்கம், முதுகெலும்புக்கு அடியில் ஓடும் நாளத்தில் குத்த வேண்டும். இரண்டு மீனில் தவறிப்போய், மூன்றாவதில் சிரிஞ்சுக்குள் ரத்தம் ஏறியது. வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அதன் நிறத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. குழாயில் ஊற்றி எடுத்துக்கொண்டு ஓடினார்.

நோயாளிகளின் குழாய்கள் எல்லாம் முடிந்த பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில் அதையும் கொண்டுபோய் ரத்த அணு எண்ணும் இயந்திரத்தில் வைத்தார். வெள்ளையணுக்களின் கணக்கு எந்த மனிதனிடமும் அவர் கண்டிராத உயரத்துக்குப் போய், இயந்திரம் எச்சரிக்கை விளக்கைப் போட்டது. இது எப்படி என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே வாசலில் காத்திருந்த ஷரபுதீன் உள்ளே வந்து, அச்சாகி வந்த தாளைக் கைப்பேசியில் படம் பிடித்துவிட்டான்.

"என்னா இது, இவ்ளோ ஏறியிருக்கு?"

"வெள்ளையணு. ஆனா இது சரியா இருக்காது. பொறு, நான் பாத்துட்டுச் சொல்றேன்."

அவன் பொறுக்கவில்லை.

அன்று மாலை பதுருன்னிசா ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பார்த்த உடனே தலையில் அடித்துக்கொண்டார். மனிதனின் சிவப்பணுவுக்குள் கரு கிடையாது. மீனின் சிவப்பணு ஒவ்வொன்றுக்குள்ளும் ஊதா நிறத்தில் ஒரு கரு உட்கார்ந்திருந்தது. மனித ரத்தத்துக்காகச் செய்த இயந்திரம், கரு இருப்பதெல்லாம் வெள்ளையணு என்று எண்ணித் தள்ளியிருக்கிறது. அந்தத் தாளில் இருந்தது முழுக்க முழுக்கக் குப்பை.

கூடத்தின் மேலாளர் சரளா மறுநாள் அவரை அறைக்குள் கூப்பிட்டார். இயந்திரத்தின் பதிவில் எல்லாம் தெரிந்திருந்தது.

"பதுருக்கா, உங்கள நான் என்னான்னு கேக்குறது? நாளைக்கு ஒரு பேஷண்டு, எனக்கு முன்னாடி இந்த மெஷின்ல மீன் ரத்தமா ஓடுச்சுன்னு கேட்டா நான் எங்க போவேன்?"

பதுருன்னிசா இயந்திரத்தைத் தானே உட்கார்ந்து கழுவினார். மீன் சம்பந்தப்பட்ட எதுவும் இனி இந்தக் கதவைத் தாண்டாது என்று வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்து தம்பியை அழைத்தார்.

"அந்தக் கணக்கு தப்பு, ஷரபு. மெஷினுக்கு மீனைத் தெரியாது."

"மெஷின் பொய் சொல்லுமாக்கா? நான் போலீஸ்ல ரிப்போர்ட்டு குடுத்துட்டேன். தனேஸ் மூஞ்சிக்கு நேரா போட்டோவைக் காட்டிட்டேன். ஈப்போ லேப்ல எங்கக்காவே பாத்துச் சொல்லியிருக்குன்னு சொன்னதும் ஆளு வாயே தொறக்கல."

பதுருன்னிசா அழைப்பைத் துண்டித்தார். அவர் வேலையில் ஒரு முடிவு தவறாகப் போனால் ஒரு மனிதனுக்குத் தவறான மருந்து போகும். அதனால் இத்தனை வருஷமும் சந்தேகம் வந்தால் இரண்டாம் முறை பார்க்காமல் ஒரு தாளைக்கூட வெளியே விட்டதில்லை. இப்போது அவர் பெயரைச் சொல்லி, ஒரு குப்பைத் தாளை வைத்து, அவர் முன்பின் பார்த்தறியாத ஒருவரைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறான் உடன்பிறந்தவன். விட்டுவிட மனம் ஒப்பவில்லை. பழைய மைக்ராஸ்கோப் ஒன்றைத் தேடி வாங்கிச் சமையலறையில் வைத்தார். அவருடைய கணவர் பிலால், லிட்டில் இந்தியாவில் துணிக்கடையில் இருப்பவர், அதிகம் பேசாதவர். குளிர்ப்பெட்டியில் சம்பாலுக்குப் பக்கத்தில் சிரிஞ்சுகளைக் கண்ட அன்று மட்டும், "இதுல எது சாப்பிடுறது?" என்று கேட்டார்.

லீவு நாள் வந்ததும் சுங்காய்க்குப் போனார். அக்கா வருகிறார் என்று ஷரபுதீன் கடை ஆட்களையெல்லாம் இறக்கி, வலையைப் போட்டுக் குளத்தையே கலக்கி வைத்திருந்தான். மீன்கள் வெகுநேரம் அங்கும் இங்கும் துரத்தப்பட்டு, ஒரு மூலையில் நெருக்கியடித்துக் கிடந்தன. வந்ததற்கு ஒன்றைக் குத்தி, நிறம்கூடத் தெரியாத ஒரு சிறு துளியை, வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த சர்க்கரை மெஷினில் வைத்தார். எண் எகிறியது.

"மீனுக்கு இனிப்பு நீரா?" என்றான் ஷரபுதீன்.

"உன்னை இவ்ளோ நேரம் வலை போட்டுத் தொரத்துனா உனக்கும் ஏறும். பயந்தா ரத்தத்துல சர்க்கரை ஏறிரும். இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அந்த வலைய எடு. எல்லாரையும் மேல வரச்சொல்லு. குளம் அடங்கட்டும்."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டான். நல்லதாகப் போயிற்று என்று பதுருன்னிசா குளக்கரையில் காத்திருந்தார். மத்தியானத்துக்கு மேல், கை வலையால் சத்தமில்லாமல் ஒரே ஒரு மீனை அள்ளி, கிராம்பு எண்ணெய் கலந்து வைத்திருந்த வாளியில் விட்டார். அது மயங்கிச் சாய்ந்ததும் ஈரத் துணியில் கிடத்தி, வால் அருகே ஊசியை இறக்கினார். இந்த முறை கை தவறவில்லை.

சிரிஞ்சுக்குள் ஏறியது சிவப்பாக இல்லை. கோப்பி நிறத்தில், கலங்கிய பழுப்பாக இருந்தது.

ஊசி பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவர் அப்படி ஒரு ரத்தத்தைப் பார்த்ததில்லை. காற்று படாததால் கறுத்திருக்குமோ என்று குழாயில் விட்டு மெதுவாக ஆட்டிப் பார்த்தார். நல்ல ரத்தமாக இருந்தால் காற்றுப் பட்டதும் சிவக்கும். இது பழுப்பாகவே கிடந்தது. இன்னொரு மீன், அதுவும் பழுப்பு. மூச்சுக் காற்றை ஏற்ற முடியாத ரத்தம். அதனால்தான் மேலே வந்து காற்றைக் குடித்தும் அவற்றுக்கு மூச்சு முட்டியிருக்கிறது.

ஆனால் நல்ல மீனின் ரத்தம் எப்படி இருக்கும் என்று அவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. ஒப்பிடாமல் வாயைத் திறக்கக் கூடாது என்று ஏற்கெனவே பட்டுத் தெரிந்திருந்தார். பக்கத்தில் பாத்தின் வைத்திருப்பவர் ஒருவர்தான்.

தனேஸ்வரன் தன் கொட்டகை வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். பதுருன்னிசா யாரென்று சொன்னதும் அவர் கை நின்றது. எழுந்திருக்கவில்லை.

"பாய் அனுப்புனாரா?"

"இல்ல தம்பி. நான் இங்க வந்தது அவனுக்குத் தெரியாது. அவன் காட்டுன பேப்பர் தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன். இன்னொண்ணும் கேக்கணும்."

"எங்கம்மா பால்மரம் வெட்டுன மண்ணுக்கா இது. பொழுது விடிஞ்சா நான் பாக்டரி பஸ்ஸப் புடிக்க ஓடுறேன். அடுத்தவன் மீனக் கொல்லணும்னு எனக்கு என்னா தலையெழுத்து?" குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "போலீஸ்காரரு வீட்டுக்கே வந்துட்டாரு. என் சம்சாரம் அன்னைக்குப் பூரா சாப்பிடல."

அவருடைய மனைவி விமலா உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். பதுருன்னிசாவுக்கு உட்காரச் சொல்லாத இடத்தில் நிற்பது கூசியது. இருந்தாலும் கேட்டார்.

"உங்க மீனு ஒண்ணுல கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கட்டுமா? சாகாது. மயக்கி எடுத்துட்டுத் திரும்ப விட்டுருவேன்."

தனேஸ்வரன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். விஷம் போட்டவன் என்று சொன்ன வீட்டிலிருந்து வந்து மீனையும் கேட்கிறார்களே என்று நினைத்தாரோ என்னவோ. கடைசியில் அரிவாளைக் கீழே வைத்தார்.

"எடுங்க. என் கண்ணு முன்னாடி எடுங்க."

அவருடைய குளம் சின்னது. வீட்டுச் சாப்பாட்டுக்கென்று சில மீன்கள், ஷரபுதீன் குஞ்சு வாங்கின அதே இடத்தில் வாங்கியவை. அதே ஓடைத் தண்ணீர். அந்த மீனிலிருந்து வந்த ரத்தம் பளிச்சென்று சிவந்திருந்தது. பதுருன்னிசா இரண்டு குழாய்களையும் அவரிடம் காட்டினார். தனேஸ்வரன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது என்னாக்கா, பாய் மீனு ரத்தம் மைலோ கலந்தாப்ல இருக்கு?" என்றார். அப்போதுதான் விமலா தேத்தண்ணி கொண்டு வந்தார்.

பதுருன்னிசா திரும்பி வந்து, தம்பி குளத்துத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, தண்ணீரைச் சோதிக்க அலங்கார மீன் கடையில் வாங்கி வந்திருந்த மருந்துச் சொட்டை அதில் விட்டார். கழிவு அழுகினால் ஏறும் நைட்ரைட் அதில் உச்சத்தில் இருந்தது. அது மீனின் ரத்தத்துக்குள் போனால் இப்படித்தான் பழுப்பாகும்.

"ஷரபு, மீனுக்கு என்னா போடுற?"

"நல்ல தீனிதான்."

"என்னா தீனி?"

அவன் பெருமையோடு கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனான். நீலப் பீப்பாய்கள். கடையில் மிஞ்சின சோறு, காய்ந்த ரொட்டி சானாய், குழம்பு, கோழிக் குடல். எல்லாம் தினமும் ஈப்போவிலிருந்து லோரியில் வருகிறதாம். வாங்குகிற தீனியை நிறுத்தி மாதக்கணக்காகிறது. வாடையில் பதுருன்னிசா முக்காட்டை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இதுதான் உன் ராச்சுன்."

"என் கடை சாப்பாடா?" ஷரபுதீனின் முகம் சிவந்தது. "ஈப்போவே சாப்பிடுது. ஒருத்தருக்கு வயித்து வலி வந்துருக்கா? மனுஷன் திங்கிறது மீனுக்கு ஆகாதா?"

"மனுஷன் தட்டுல திங்கிறான். நீ கொளத்துல கொட்டுற. மீன் தின்னது போக மிச்சம் அடியில அழுகுது. ஓடைத் தண்ணி மொதல்ல அவரு கொளத்துக்குப் போய்ட்டுத்தான் உனக்கு வருது. அவரு ராச்சுன் போட்டுருந்தா அவரு மீனுதான் மொதல்ல செத்துருக்கும். இதப் பாரு, அவரு மீன் ரத்தம். இது உன் மீன் ரத்தம்."

அவன் இரண்டையும் பார்த்தான். பிறகு, "அவன் கொளத்துக்கு எதுக்குப் போனீங்க?" என்று கேட்டான்.

பதுருன்னிசா குழாய்களைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். மருந்தை மட்டும் சொன்னார். பீப்பாய்களை நிறுத்து. கல் உப்பு மூட்டை மூட்டையாகக் குளத்தில் கரை, உப்பு அந்த நஞ்சை ரத்தத்துக்குள் போகவிடாமல் மறிக்கும். பாதித் தண்ணீரை மாற்று. புதுத் தண்ணீர் வேண்டுமானால் ஓடையின் மேல்பக்கத்திலிருந்து குழாய் போட வேண்டும். மேல்பக்கம் தனேஸ்வரனின் நிலம்.

தண்ணீருக்குப் பதுருன்னிசா தனேஸ்வரனிடம் கேட்டதற்கு அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தாராளமா எடுக்கலாம்கா. பாய் நேர்ல வந்து கேக்கட்டும்."

ஷரபுதீன் நேரில் போகவில்லை. உப்பு போட்டான், பீப்பாயையும் நிறுத்தினான். தண்ணீர் கேட்க மட்டும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கடை ஆள் கையில் ஆட்டு பிரியாணி கொடுத்தனுப்பினான். அது கட்டு பிரிக்காமல் திரும்பி வந்தது. "வெள்ளிக்கெழம நாங்க சைவம்" என்று விமலா சொல்லி அனுப்பியிருந்தார். சனிக்கிழமை அவன் கடை மேலாளரை அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசல் தலைவரைத் தூது அனுப்பலாமா என்று அக்காவிடம் கைப்பேசியில் யோசனை கேட்டான். அதற்குள் இன்னும் பல மீன்கள் மிதந்துவிட்டன.

பதுருன்னிசா காரை எடுத்துக்கொண்டு நேரே சுங்காய்க்குப் போனார். தம்பி குளக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"எந்திரி."

"அக்கா, நான் என்னான்னா..."

"மீன் மூச்சு முட்டிச் சாவுது. உனக்கு மானம் முட்டுது. எந்திரிச்சு நட. நான் பின்னாடி வாரேன்."

சாய்ந்து கிடந்த வேலிக்கு இந்தப் பக்கம் ஷரபுதீன் நின்றான். அந்தப் பக்கம் தனேஸ்வரன் வந்து நின்றார். கொஞ்ச நேரம் இருவரும் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி வேணும், தனேஸ்."

"எதுக்கு பாய்? ராச்சுன் தண்ணியாச்சே."

ஷரபுதீன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவர் முகத்தில் உதவி ஒன்றும் தென்படவில்லை.

"நான் சொன்னது தப்பு. போலீஸ்ல குடுத்ததையும் எடுத்துர்றேன். வேலியும் நானே போட்டுத் தாரேன்."

தனேஸ்வரன் தலையை அசைத்தார். அவ்வளவுதான் பேச்சு. குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து ஓடையில் பூட்டியது அவர்தான். ஷரபுதீனின் ஆட்கள் பூட்டின விதம் அவருக்குப் பிடிக்காமல், அவிழ்த்துத் திரும்பவும் பூட்டினார்.

மறுநாள் தம்பியை நம்பாமல் பதுருன்னிசாவே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய், வெளியே காரில் காத்திருந்தார். அவன் வேர்த்து வடிய வந்து ஏறினான்.

"என்னா சொன்ன?"

"மீனுக்குச் சாப்பாடு ஒத்துக்கலன்னு சொன்னேன்."

"நான் போட்ட சாப்பாடுன்னு சொன்னியா?"

"சாப்பாடுன்னு சொன்னேன்லா. யாரு போட்டான்னு அவங்க கேக்கல."

பதுருன்னிசா காரை எடுத்தார்.

பாதிக்கு மேல் மீன் பிழைத்தது. அந்தச் செய்தி எப்படியோ பரவி, கோலா கங்சார் பக்கத்திலிருந்துகூடக் குளத்துக்காரர்கள் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் வருஷம் எல்லாரையும் திட்டினார், எல்லா இடத்துக்கும் போனார். பிறகு சரளாவிடம் சொல்லிப் பாதி நாள் வேலைக்கு மாறிக்கொண்டார். மீனின் அணுக்களை மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகக் கையால் எண்ண வேண்டும். கண் வலிக்கும். எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது கைப்பேசியில் கூப்பிட்டு, எண்ணி முடிந்ததா என்று கேட்பார்கள். முதலிலிருந்து தொடங்குவார். இருந்தும் இந்த வேலையை விடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஏன் என்று பிலால் ஒரு முறை கேட்டதற்கு, "மீனாச்சும் ஆட்டுக்கறி சாப்பிடலாமான்னு கேக்காது" என்றார்.

அதற்கெல்லாம் முன்பே, உப்புப் போட்டு ஒரு மாதம் கழித்து அவர் திரும்பவும் சுங்காய்க்குப் போயிருந்தார். புது வேலி நட்டிருந்தது. தனேஸ்வரனே வந்து மீனைப் பிடித்துக் கொடுத்தார். சத்தமில்லாமல் அள்ளத் தெரிந்த ஆள் அவர்தான். ஊசியில் ரத்தம் ஏறியது. நல்ல சிவப்பு. பதுருன்னிசா அதை வெயிலுக்கு நேரே பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

ஷரபுதீன் மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"செவப்பா ஆயிடுச்சு, இல்லக்கா?"

"ஆயிடுச்சு."

"அப்ப ரொட்டி மட்டும் கொஞ்சமா போடலாமா?"